ஹேபர் மூடாமல் வைத்த டாங்கி

என் வீட்டுக்காரர் ஹேபர் ஓலாஸ்கோகாவுக்கு உட்காரத் தெரியாது. உடம்பு நாற்காலியில் இருக்கும், இடது கால் மட்டும் தனியாக பஸ் ஓட்டிக்கொண்டிருக்கும். கிளட்சை மிதிக்கும், விடும், மறுபடி மிதிக்கும். எங்கள் ஊரான மான்டிவிடியோவில் பாசோ மோலினோவுக்கும் துறைமுகத்துக்கும் நடுவே காலமெல்லாம் மிதித்துப் பழகிய கால். மேஜை ஆடும், சூப் தளும்பும், சினிமாக் கொட்டகையில் முன்வரிசைக்காரர்கள் திரும்பி முறைப்பார்கள். பதிவு அலுவலகத்தில் கல்யாணக் கையெழுத்துப் போடும்போது மேஜை ஆடிய ஆட்டத்தில் நிபியா என்ற என் பெயரின் கடைசி எழுத்து கோணிக்கொண்டு போனது. இன்றைக்கும் அந்தக் காகிதத்தில் அப்படியேதான் இருக்கிறது.

"காலை ஆட்டாதே." என் ஆயுளில் நான் அதிகமாகச் சொன்ன வார்த்தை இதுவாகத்தான் இருக்கும்.

கால் மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். மனுஷனுக்கு எதற்குமே காத்திருக்கத் தெரியாது. கேக் உப்பி வருவதற்குள் அடுப்பைத் திறந்து பார்த்து அதைத் தட்டையாக்கிவிடுவார். பிளம்ஸ் பழுப்பதற்குள் பறித்துத் தின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுப்பார். பல் வலி என்று வைத்தியரிடம் போனால், உள்ளே பெயரைக் கூப்பிடும்போது அவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பார். "சரியாப் போச்சு, அதான் வந்துட்டேன்" என்பார். சரியாகப் போயிருக்காது. எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஒரு இலையுதிர் காலத்து மத்தியானம், கடைசி நிறுத்தத்தில் பஸ்ஸை ஒழுங்காக ஓரம் கட்டினார். கதவைத் திறந்தார், எல்லாரும் இறங்கினார்கள். அதற்குப் பிறகு ஸ்டீயரிங் மேல் தலையைச் சாய்த்தார். பின்னால் வந்த பஸ்காரன் தூங்குகிறார் என்று நினைத்து ஹாரன் அடித்திருக்கிறான். ஹேபராவது தூங்குவதாவது! இரண்டாவது ஹாரனுக்கும் அசையவில்லை என்றதும்தான் அவன் ஓடிவந்து பார்த்திருக்கிறான்.

இதய மருத்துவர் எட்செபாரே அம்மா படம் போட்டுக் காட்டினார். இதயத்தில் ஒரு வால்வு கெட்டித்துப்போய் சரியாகத் திறப்பதில்லை. மாத்திரையால் ஆகாது. நெஞ்சைத் திறந்து வேறு வால்வு வைக்க வேண்டும், அதுவும் வசந்த காலத்துக்கு முன்னால். அதுவரைக்கும் பஸ் பக்கமே போகக்கூடாது.

"பஸ்ல கதவு திறக்கலைன்னா ரெண்டு உதை விடுவோம் டாக்டர், திறந்துக்கும்" என்றார் ஹேபர்.

"இந்தக் கதவை உதைக்க முடியாது சார். தேதி சொல்லுங்க."

"யோசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்துவிட்டார். வாழ்க்கையில் எதையும் யோசித்துச் செய்யாத மனுஷன்!

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கூடம்தான் அவருக்கு பஸ் தடம். வாசலிலிருந்து கொல்லைக்கு, கொல்லையிலிருந்து வாசலுக்கு. நான் தையல் மெஷினில் உட்கார்ந்தால் பின்னால் வந்து நிற்பார். அடுப்பில் எது இருந்தாலும் மூடியைத் தூக்கிப் பார்ப்பார். ஒரு கையில் மத்தே, அக்குளில் வெந்நீர்க் குப்பி. மத்தே என்றால் சுரைக்குடுவையில் யெர்பா இலைத்தூளைப் போட்டு வெந்நீர் விட்டு உலோகக் குழலால் உறிஞ்சுவது. அது இல்லாமல் இந்த ஊரில் யாருக்கும் ஓடாது, இவருக்குக் கேட்கவே வேண்டாம். எனக்குப் பைத்தியம் பிடிக்கும் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய சாவிகளுக்கும் கேனரிக் குருவிக் கூண்டுகளுக்கும் நடுவில் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் செய்கிற பொம்மை டாங்கி. பெட்டி மேலிருந்த படம் எனக்குத் தெரிந்ததுதான். நம் ராணுவம் ஒரு காலத்தில் வைத்திருந்த சாஃபி என்ற சின்ன டாங்கி. ஹேபரின் பஸ் போகும் வழியில் ராணுவ முகாம் வாசலில் ஒன்று துருப்பிடித்து நிற்கும். ஒவ்வொரு முறை கடக்கும்போதும் ஒரு ஹாரன் அடிப்பார். ஒரு மத்தியானமாவது சும்மா கிடப்பார் என்று வாங்கினேன்.

பெட்டியைத் திறந்தால், இருந்தது வெளிக்கூடு மட்டுமல்ல. வயிற்றுக்குள்ளே இருக்கிற சாமான் முழுக்க இருந்தது. எஞ்சின், இருக்கைகள், குண்டுகள், ரேடியோ, பீரங்கியின் அடிக்கட்டை எல்லாம் உண்டு. டாங்கியின் கீழ்ப்பாதி ஒரு குளியல் தொட்டி போல இருந்தது, மேல்பாதி அதற்கு மூடி.

பக்கத்து வீட்டு வில்மார் பொய்ப்பல் செய்கிறவன். சனிக்கிழமைகளில் பொம்மை விமானம், கப்பல், டாங்கி செய்கிறவர்களின் சங்கத்துக்குப் போவான். அவன்தான் வந்து பார்த்துவிட்டுச் சொன்னான். "முதல்ல உள்ள பெயின்ட் அடி. எல்லாம் முடிச்சு, காஞ்ச பிறகு மூடியை ஒட்டு. அவசரப்பட்டு ஒட்டிட்டேன்னா அப்புறம் உன் பிரஷ் உள்ள போகாது, பாத்துக்க."

"உள்ள என்ன கலரு?"

"வெள்ளை. உள்ள இருட்டா இருக்கும்ல, வெளிச்சத்துக்காக."

"ப்பூ, வெள்ளைதானே" என்றார் ஹேபர்.

வெள்ளை அவரை அழவைத்தது. தண்ணீராகக் கரைத்து மெல்லியதாக ஒரு பூச்சு, அது காய்ந்த பிறகு இன்னொன்று, பிறகு இன்னொன்று என்று போக வேண்டும். முதல் பூச்சு போட்டதும் காய்ந்ததா என்று விரலை வைத்துப் பார்த்தார். கட்டைவிரல் ரேகை அப்படியே உட்கார்ந்தது. அந்தக் குட்டி டாங்கிக்குள் அது உழுத வயல் மாதிரி தெரிந்தது. சுரண்டி எடுத்து மறுபடி ஆரம்பித்தார். ஈரத்தின் மேலேயே அடுத்த பூச்சைப் போட்டார், பாலாடை போலச் சுருண்டு வந்தது. மறுபடி சுரண்டல். மூன்றாவது தடவை எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது கால் கிளட்சை மிதித்தது. மேஜை குலுங்கி, பச்சை இருக்கை மேல் வெள்ளைத் தீற்றல் விழுந்தது.

பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நிபியா, இந்தக் காலைக் கட்டு."

"என்ன?"

"கட்டுன்னா கட்டேன். நாற்காலியோட சேத்துக் கட்டு."

என் குளிர் அங்கியின் நாடாவை எடுத்து நானே கட்டிவிட்டேன். இத்தனை வருஷம் கழித்து எனக்குக் கிடைத்த பாக்கியம்! அதற்குப் பிறகுதான் வெள்ளை ஒழுங்காகப் பிடித்தது.

அந்தச் சமயத்தில் ஒரு நாள் பட்டாணி உரித்துக்கொண்டே கேட்டேன், டாக்டருக்கு என்ன சொல்வது என்று. தலையைத் தூக்காமல் சொன்னார்: "டாங்கியை மூடின அன்னிக்கு போன் பண்ணு. சத்தியமா வர்றேன்."

எனக்கு ஒரே சந்தோஷம். இந்த அவசரக்குடுக்கைக்கு ஒரு டாங்கியை மூட எத்தனை நாள் ஆகும், அடுத்த வாரமே ஆஸ்பத்திரிதான் என்று கணக்குப் போட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

காத்திருக்கவே தெரியாத மனுஷன் காத்திருக்கக் கற்றுக்கொண்டார். வெள்ளை முடிந்ததும், ஓட்டிப் பழகிய டாங்கியாகத் தெரியவேண்டும் என்று அதை அழுக்காக்கினார். பழுப்பு எண்ணெய்ச் சாயத்தை டர்பன்டைனில் கரைத்து ஆணித் தலைகளைச் சுற்றி ஓடவிட்டார். பாத்திரம் தேய்க்கும் பஞ்சில் கடுகளவு கிள்ளி, சாம்பல் நிறத்தில் தொட்டு, பூட்ஸ் படுகிற இடத்திலெல்லாம் வண்ணம் உரிந்தது போல ஒற்றினார். கியர் கம்பியின் தலையில் பென்சில் கரியைத் தேய்த்துப் பளபளப்பாக்கினார். கை பட்டுப் பட்டு அப்படித்தான் ஆகுமாம், பஸ்ஸிலும் அப்படித்தானாம். பற்பசைக் குழாயைக் கத்தரித்து இருக்கைகளுக்கு வார் போட்டார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அழகாகத்தான் இருந்தது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

முன்பக்கம் இரண்டு டிரைவர் இருக்கைகள் பக்கம் பக்கமாக இருந்தன. இரண்டுக்கும் தனித்தனியாகக் கம்பிகள்.

"பாத்தியா கிழவி, ரெண்டு டிரைவர். ஒருத்தன் மயங்கி விழுந்தா இன்னொருத்தன் ஓட்டலாம்." சொல்லிவிட்டு அந்த இரண்டாவது இருக்கைக்கு வெகுநேரம் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார்.

எதை முடித்தாலும் நான் கேட்பேன், "மூடலாமா?"

"இன்னும் ஒண்ணே ஒண்ணு."

அந்த ஒண்ணு முடியவே இல்லை. ரேடியோவுக்கு ஒயர், ஒயருக்குக் கொக்கி, தீயணைப்புக் குப்பிக்குச் சிவப்பு. இதற்கு நடுவில் அவர் கூடத்தில் நடக்கிற நடை குறைந்துகொண்டே வந்தது. பாதி வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் பார்ப்பது தெரிந்தால் சுவரில் ஏதோ விரிசலை ஆராய்கிற மாதிரி தடவிப் பார்ப்பார். உதட்டின் ஓரம் நீலம் பாரித்திருக்கும். அந்த வயிறு திறந்த டாங்கியைத் தூக்கிக் கொல்லையில் எறியலாமா என்று வரும்.

பிறகு மத்தே வந்தது.

"நம்ம ஊரு ஆளு உக்காந்த டாங்கில மத்தே இல்லாம இருக்குமா?" என்று கேட்டார். சரி, நியாயம்தான். பிசினில் கடுகளவு சுரைக்குடுவை, செம்புக் கம்பியில் குழல், பல்குத்தும் குச்சியைச் சீவி வெந்நீர்க் குப்பி. டிரைவர் இருக்கைக்குப் பக்கத்தில் ஒட்டினார். மூடுவார் என்று பார்த்தேன்.

"தரையில கொஞ்சம் யெர்பா சிந்தியிருக்கணுமே" என்றார். "நம்மாளு எங்க உக்காந்தாலும் சிந்துவானே. சிந்தலைன்னா அது நம்ம டாங்கியே இல்ல."

புது யெர்பா பளிச்சென்று பச்சையாக இருந்தது, பிடிக்கவில்லை. அன்று காலையில் நாங்கள் குடித்து முடித்த சக்கையைக் குடுவையிலிருந்து கொட்டி, நசுக்கி, செய்தித்தாளில் பரப்பினார். குளிர்காலத்தில் இந்த ஊரில் எது காயும்? சுவரே வேர்க்கும். கொடியில் போட்ட சட்டையை ஈரத்தோடு எடுத்து இஸ்திரி போட்டுத்தான் உடுத்துகிறோம். அலமாரியை நகர்த்தினால் பின்னால் பூஞ்சை. அடுப்புக்கு மேலே கொஞ்ச நேரம் காட்டிவிட்டு, வெள்ளைக் கோந்தைத் தண்ணீர்விட்டுக் கரைத்து, டாங்கியின் தரையில் யெர்பாவை ஒட்டிவிட்டு உட்கார்ந்தார்.

வெந்நீர்க் குப்பியை எடுக்க எழுந்தவர் சமையலறை வாசலில் நின்றார். கதவு நிலையைப் பிடித்தார். மூச்சு வரவில்லை. வந்த பிறகு என்னைப் பார்த்துச் சிரிக்க முயற்சி செய்தார். அந்தச் சிரிப்புத்தான் எனக்குத் தாங்கவில்லை.

"மூடு!" என்று கத்தினேன். "இன்னிக்கே மூடு! இப்பவே மூடு!"

"யெர்பா இன்னும் காயலை நிபியா."

"காயலையா? நீ எதைக் காயவிட்டிருக்க இதுவரைக்கும்? பெயின்ட் காயாத சுவத்துல சாஞ்சு கோட்டு பாழாக்கினவன்தானே நீ! மூடுறியா, இல்ல நான் தூக்கி எறியட்டுமா?"

அவருக்கும் கோபம் வந்துவிட்டது. முகம் சிவக்கிற அளவுக்கு ரத்தம் இல்லை பாவம். மேல் மூடிக்குப் பசை தடவி, அழுத்தி, ரப்பர் பேண்டு மாட்டி, என் முன்னால் வைத்தார். "இந்தா. மூடியாச்சு. போன் பண்ணு."

பசை இறுகுவதற்குள் நான் போன் பண்ணிவிட்டேன். எட்செபாரே அம்மா அடுத்த மாதத்தில் ஒரு தேதி கொடுத்தார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பிறகு நடந்ததற்கு நான்தான் காரணம் என்று சங்கத்தில் சிலர் சொல்கிறார்களாம். மூடச் சொன்னது நான். ஈர யெர்பாவை உள்ளே போட்டது யார்? அதை யாரும் கேட்பதில்லை.

வெளியே பச்சை வண்ணம் அடித்து, சேறு பூசி, முடித்தார். டிரைவர் தலைக்கு மேலிருக்கிற சின்ன மூடியையும் பீரங்கி இருக்கிற கோபுரத்து மூடியையும் திறந்தே வைத்திருந்தார், உள்ளே எட்டிப் பார்க்கலாம் என்று. முதல் டாங்கியை முடித்தவன் அதைச் சங்கத்துக்குக் கொண்டுபோய் எல்லாரும் பார்க்க மேஜையில் வைப்பது வழக்கம். கூடவே தின்ன ஏதாவது கொண்டுபோக வேண்டும். அந்தச் சனிக்கிழமை நல்ல மழை. மழை என்றால் மாவைத் தட்டிப் பொரிப்பது தவிர வேறு என்ன? சர்க்கரை தூவிய ஒரு கூடை பொரித்த ரொட்டியைத் துணியால் மூடிக்கொண்டு நானும் போனேன்.

வயசாளிகள் பந்து உருட்டி விளையாடுகிற கிளப்பின் பின்கூடத்தில்தான் அவர்கள் கூடுவது. உள்ளே நுழைந்ததுமே டர்பன்டைன் வாடை. டாங்கியை மேஜை நடுவில் வைத்தார் ஹேபர். எல்லாரும் சர்க்கரை ஒட்டிய விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு சுற்றி நின்றார்கள். வில்மார் பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியையும் டார்ச்சையும் எடுத்தான். டிரைவர் மூடி வழியாகக் கண்ணாடியை உள்ளே விட்டான்.

"டேய் ஹேபர்."

"என்ன?"

"உன் டிரைவர் சீட்டுக்குத் தாடி முளைச்சிருக்குடா."

"என்னடா உளர்ற?"

"நீயே பாரு. மத்தேக்குக் கம்பளி போத்தியிருக்க. தரையெல்லாம் பனி பெஞ்சிருக்கு!"

கண்ணாடி கைமாறியது. ஆளாளுக்குப் பார்த்தார்கள், ஆளாளுக்குச் சிரித்தார்கள். "பெனிசிலின் தயார் பண்றான்யா, மருந்துக் கடைக்கு வித்துடலாம்" என்றான் ஒருவன். இன்னொருவனுக்குச் சிரித்துச் சிரித்து ரொட்டி தொண்டையில் சிக்கியது. கெட்ட எண்ணம் இல்லை, அவர்கள் அப்படித்தான். வெள்ளை வெளேரென்று அடித்த உள்பக்கத்தில் வெள்ளைப் பூஞ்சை ரோமம் போல ஏறியிருந்தது. மூடிய டாங்கிக்குள் ஈர யெர்பா சும்மா இருக்குமா?

நான் ஹேபரைப் பார்த்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். மேஜை ஆடவில்லை. குனிந்து பார்த்தேன், இடது கால் செத்தது போலத் தரையில் கிடந்தது. அப்போது எனக்கு வந்த பயம் டாக்டர் படம் போட்டுக் காட்டியபோதுகூட வரவில்லை.

வீட்டுக்கு வரும் பஸ்ஸில் டாங்கியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். நான் மனதுக்குள் பதில்களைத் தயார் செய்துகொண்டிருந்தேன். 'டாங்கியைத் திறந்தாக வேண்டும், டாங்கியை மூடாமல் ஆபரேஷன் இல்லை, பேச்சு பேச்சுதான்' என்பார். விடக்கூடாது, இந்தத் தடவை ஒரு பிடி பிடிக்க வேண்டும் என்று இருந்தேன்.

வீட்டுக்கு வந்து ஈரக் கோட்டைக்கூடக் கழற்றாமல் அவர் சொன்னது வேறு.

"அந்த ரெண்டு மூடியையும் ஒட்டிட்டா போச்சு. உள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியப் போகுது?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. திறப்பதற்கு இவ்வளவு நல்ல சாக்கு கிடைத்திருக்கிறது, இவர் ஏன் வேண்டாம் என்கிறார்? பிறகுதான் உறைத்தது. இத்தனை நாளாக இவர் நாளைக் கடத்துகிறார் என்று நினைத்திருந்தேன். நாளைப் பற்றி இவருக்குக் கவலையே இல்லை. டாக்டரின் கத்திக்குத்தான் பயந்துகொண்டிருந்தார். அடுப்பைத் திறந்தவர், பாத்திரம் பாத்திரமாகத் திறந்தவர், தன்னைத் திறப்பதை நினைத்து நடுங்கிக்கொண்டு கூடம் முழுக்க நடந்திருக்கிறார். பல் வைத்தியரிடமிருந்து ஓடிவந்ததும் இதே பயத்தில்தான். கூடவே இருந்தும் எனக்குத் தெரியவில்லை. அவர் மேல் பாவமாக இருந்தது, பாவப்பட்டதால் கோபம் இன்னும் கூடியது.

"உள்ள பூஞ்சை வளரட்டும், மேல மூடியை ஒட்டி ஊரை ஏமாத்தலாம்னு பாக்கிறியா?"

"திறந்தா உடையும் நிபியா. பசை நல்லா இறுகிருச்சு."

"உடைஞ்சா ஒட்டு."

"ஒட்டினா தழும்பு தெரியும்."

"தெரிஞ்சா என்ன? அழகுப் போட்டிக்கா போற? தழும்போட இருக்கிறவனெல்லாம் செத்தா போயிட்டான்? தழும்பு இல்லாம செத்தவனைத்தான் நான் பாத்திருக்கேன்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது. கோட்டோடு நாற்காலியில் உட்கார்ந்தார். நான் சமையலறைக்குப் போய், அழுவது கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டேன்.

மறுநாள் ஞாயிறு. ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்பினால், மேஜை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. டாங்கியை ஒரு துண்டில் படுக்கவைத்து, மெல்லிய கத்தியால் ஓரத்தைக் கீறிக்கொண்டிருந்தார். கால் நாற்காலியோடு கட்டியிருந்தது. தானே கட்டிக்கொண்டிருக்கிறார், முடிச்சு கன்னாபின்னாவென்று.

"பேசாத. மூச்சும் விடாத" என்றார்.

நான் கோட்டோடு நின்றேன். கத்தி ஒரு இழை உள்ளே போகும், வெளியே வரும். ஒரு இடத்தில் சடக்கென்று சத்தம், இடது பக்கத்துச் சக்கரங்களுக்கு மேலிருந்த மண்காப்புத் தகடு ஒடிந்து விழுந்தது. அவர் கண்ணை மூடித் திறந்தார், நிறுத்தவில்லை. பின்பக்கத்தைச் சுற்றி வந்தபோது மேல் மூடி தானாகத் தளர்ந்து கையோடு வந்தது. இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். டிரைவர் இடத்துத் தரை, மத்தே, குப்பி இவை முழுக்க ரோமம். அதைத் தாண்டி ஒன்றுமில்லை. குண்டுகள், ரேடியோ, எஞ்சின் எல்லாம் அவர் அடித்தது அடித்தபடி இருந்தன.

"இவ்வளவுதானா?" என்றார். "நான் எல்லாமே போயிருக்கும்னு நினைச்சேன்."

"ரொட்டி ஆறுது" என்றேன்.

காது குடையும் பஞ்சில் சாராயத்தைத் தொட்டுத் தொட்டுத் துடைத்தார். யெர்பாவைச் சுரண்டி எடுத்துக் கொல்லையில் கொட்டினார். பூஞ்சை தின்ற இடத்தில் பழையபடி வெள்ளை. மெல்லியதாக ஒரு பூச்சு, பிறகு எழுந்து போய் வெங்காயம் நறுக்கித் தருவார். நான் ஆச்சரியத்தோடு வாங்கிக்கொள்வேன். விரலை வைத்துப் பார்க்கவில்லை. தரையில் சிந்திய யெர்பாவை இந்தத் தடவை வெறும் பச்சைச் சாயத்தால் புள்ளி புள்ளியாக வைத்தார்.

"உண்மையானது வேண்டாமா?"

"போதும் தாயே. குடிக்கிறதோட நிக்கட்டும்."

ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நாள் காலையில் கடைசிப் பூச்சு போட்டார். டாக்ஸி வாசலில் நின்றது. மேல் மூடியைப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு, ஒடிந்த மண்காப்பை ஒரு தட்டில் எடுத்து வைத்தார். "நான் வர்ற வரைக்கும் மூடாத. நல்லாக் காயணும்." டாக்ஸிக்காரன் ஹாரன் அடித்தான். "வர்றேன்யா, என்ன அவசரம் உனக்கு?" என்றார். என் காதால் கேட்டேன், ஹேபர் ஓலாஸ்கோகா சொன்னார்.

உள்ளே கொண்டுபோகும்போது என் கையைப் பிடித்து, "பயமா இருக்கு கிழவி" என்றார். "எனக்கும்தான்" என்றேன். மறைத்து என்ன ஆகப்போகிறது?

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி நடைவழி என் பஸ் தடமானது. கண்ணாடிக் கதவிலிருந்து தண்ணீர்க் குழாய் வரை, திரும்பக் கண்ணாடிக் கதவு வரை. வில்மார் மத்தேயோடு வந்தான். உறிஞ்சினேன், ருசி தெரியவில்லை. "உக்காரு நிபியா" என்றான். உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில், "காலை ஆட்டாத நிபியா, பெஞ்சு ஆடுது" என்றான். அவனைக் கொன்றிருப்பேன்.

சாயங்காலம் டாக்டர் அம்மா வந்து வால்வு வைத்தாகிவிட்டது, இதயம் தானாக ஓடுகிறது, மிச்சம் அவர் கண் விழித்த பிறகு தெரியும் என்றார். மறுநாள் காலையில் தொண்டைக் குழாயை எடுத்த பிறகு என்னை உள்ளே விட்டார்கள். முகம் மெழுகு. நெஞ்சு நடுவில் நீளமாகக் கட்டு. ஆனால் நான் முகத்தையும் பார்க்கவில்லை, கட்டையும் பார்க்கவில்லை. போர்வைக்குக் கீழே இடது கால் எங்கே என்று பார்த்தேன். அசையாமல் கிடந்தது. கிளப்பில் கிடந்த மாதிரியே கிடந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

டாக்டர் குனிந்து, "சார், கேக்குதா? எப்படி இருக்கீங்க?" என்றார்.

கண்ணைத் திறந்தார். உதடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிரித்து, மெதுவாகக் கேட்டார்:

"உள்ள... காஞ்சதுக்கு அப்புறம்தானே மூடினீங்க?"

டாக்டர் என்னைப் பார்த்தார், மயக்கத்தில் ஏதோ பிதற்றுகிறார் என்று. "ஆமான்னு சொல்லிடுங்க டாக்டர். இல்லேன்னா எந்திரிச்சு நடந்துருவாரு" என்றேன்.

"நல்லாக் காஞ்ச பிறகுதான் மூடினோம்" என்றார் அந்த மகராசி.

"அப்பச் சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

டாக்டர் போனார். நான் கம்பியை விடவில்லை. சற்று நேரம் கழித்துப் போர்வையின் கால்மாட்டில் ஒரு அசைவு. மெல்ல ஒரு மிதி, ஒரு விடுதல். மறுபடி ஒரு மிதி. கட்டில் கம்பி என் கைக்குள் லேசாக அதிர்ந்தது. மருந்து ஏறுகிற பாட்டிலும் சேர்ந்து ஆடியது.

நர்ஸ் ஓடிவந்தாள். "அம்மா, அவரைக் காலை ஆட்ட வேண்டாம்னு கொஞ்சம் சொல்லுங்களேன்."

"விடும்மா" என்றேன். "ஆடட்டும்."